துக்கத்தில் இருப்பவரிடம் என்ன பேசுவது?

விழுப்புரத்துக்கு மேற்கே, கெடார் சுற்றுவட்டாரத்தில் துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. ஆண்கள் பந்தலில் உட்காருவார்கள். பெண்கள் உள்ளே போய்க் கட்டிப்பிடித்து அழுவார்கள். பேச்சு சிக்கலாவது காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் அவரவர் ஊருக்குப் பஸ் ஏறிய பிறகுதான். தனித்துப்போன நண்பரிடம் என்ன சொல்வது? கிறிஸ்தவர்கள் இதற்கு வேத வாசிப்பிலும் ஜெபத்திலும் விடை தேடுகிறார்கள்.

எப்படிப் பேசக் கூடாது என்பதற்கு யோபு புத்தகத்தை மிஞ்சிய பாடம் இல்லை. பத்துப் பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபைப் பார்க்க எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியான காரியம் அது ஒன்றுதான். பேசத் தொடங்கியதும், தப்புச் செய்யாதவனுக்கு இப்படி வருமா என்று காரணம் கற்பிக்கிறார்கள். கடைசியில் கடவுளின் கோபம் மூள்வது, கடவுளுக்காக வாதாடிய இவர்கள் மேல். இவர்களுக்காக ஜெபிக்கும் வேலையும் யோபின் தலையிலேயே விழுகிறது!

யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரம் இன்னும் நுட்பமானது. லாசரு இறந்து நான்கு நாளாகிவிட்டது. நீர் இங்கே இருந்திருந்தால் சாவு வந்திருக்காது என்று அவருடைய சகோதரிகள் இருவருமே இயேசுவிடம் ஒரே குறையைச் சொல்கிறார்கள். மார்த்தாளுக்கு அவர் உயிர்த்தெழுதலைப் பற்றி விளக்குகிறார். மரியாளுக்கு விளக்கம் இல்லை; அவள் அழுவதைக் கண்டு அவரும் அழுகிறார். ஒருவருக்குப் பொருந்திய ஆறுதல் இன்னொருவருக்குப் பொருந்துவதில்லை. ஆகவே, மனப்பாடம் செய்த வசனத்தை எல்லா வீட்டிலும் ஒப்பிப்பது பயன் தராது. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88ஆம் சங்கீதமோ நம்பிக்கை வார்த்தை எதுவுமின்றி இருளிலேயே முடிகிறது. இவற்றைப் படித்துப் பழகியவர் நண்பரின் அழுகையை அவசரப்பட்டு அடக்கப் பார்க்க மாட்டார்.

பழைய தென்னார்க்காட்டில், விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள கோணான்குப்பத்தில் கோயில் கட்டிய வீரமாமுனிவரும் அழுகைக்கு இடம் தர வேண்டும் என்பதை அறிந்திருந்தார். அவருடைய தேம்பாவணிக் காப்பியத்தில், தாய் எலிசபெத்தை அடக்கம் செய்துவிட்டுக் கருணையன், அதாவது யோவான் ஸ்நானகன், கதறுகிறான். வேதாகமம் எலிசபெத்தின் சாவைச் சொல்வதே இல்லை.  கவிஞரோ காட்டின் மரமும் பறவையும் அவனோடு சேர்ந்து அழுவதாகப் பாடுகிறார். பள்ளிப் பாடத்தில் இதைப் படித்த பிள்ளைகள் ஏராளம்.

ஜெபம் இங்கே இரண்டு வகையில் உதவுகிறது. புறப்படும் முன் வீட்டில் நண்பரின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறவருக்கு, அவருடைய இழப்பை நிதானமாக நினைத்துப் பார்க்க நேரம் கிடைக்கிறது. வாய்க்கு வந்த சமாதானங்கள் அங்கேயே உதிர்ந்துவிடும். நண்பரோடு சேர்ந்து ஜெபிப்பதானால், கேட்டுக்கொண்டு, சுருக்கமாகச் செய்வது நல்லது. ஜெபம் என்ற பெயரில் பிரசங்கம் செய்வது எலிப்பாஸின் வேலை.

நண்பர் வேறு மதத்தவர் என்றால் வீட்டில் செய்த ஜெபமே போதும். அவரிடம் சொல்வதற்கு நடைமுறையான வார்த்தைகள் இருக்கின்றன. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டியிருக்கும். “நாளைக்கு நானும் கூட வர்றேன்” என்றால், அதற்கு மேல் வசனம் தேவைப்படாது.