சொல்லுக்குக் குடியுரிமை



கலைச்சொல்லாக்கம் குறித்த இக்கருத்தரங்குக்குத் தலைமையேற்கும் வாய்ப்பை அளித்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கலைச்சொல் குழுவில் இருந்தேன். 'மின்சாரம்' என்ற சொல்லில் 'மின்' தமிழ், 'சாரம்' வடமொழி, ஆகவே அது கூடாது என்று ஒரு முற்பகல் முழுவதும் வழக்காடினோம். அன்று முடிக்க வேண்டிய சொற்பட்டியல் மேசையிலேயே கிடந்தது. இதே வழக்கை ஆங்கிலம் நெடுங்காலம் நடத்திப் பார்த்திருக்கிறது. அதன் தீர்ப்பு நமக்குப் பயன்படும் என்பதால் அதைச் சொல்லியே தொடங்குகிறேன்.

1900ஆம் ஆண்டு பாரிசில் நடந்த மின்னியல் மாநாட்டில், கான்ஸ்டன்டின் பெர்ஸ்கி என்ற ரஷ்யர் தம் கட்டுரையில் 'டெலிவிஷன்' என்ற சொல்லை வழங்கினார். 'டெலி' என்றால் தொலைவு, அது கிரேக்கம். 'விஷன்' என்றால் காட்சி, அது லத்தீன். பாதி கிரேக்கமும் பாதி லத்தீனுமான இச்சொல்லால் நன்மை விளையாது என்று 'மான்செஸ்டர் கார்டியன்' ஆசிரியர் சி. பி. ஸ்காட் சொன்னதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. சொல்லோ உலகமெங்கும் பரவிவிட்டது.

இந்தக் கண்டிப்பு புதிதன்று. ரோமப் பேரரசர் டைபீரியஸ் பேச்சில் ஒரு சொல்லை இலக்கண ஆசிரியர் மார்செல்லஸ் குறை கூறினார். அவையில் இருந்த ஒருவர், "அது லத்தீன்தான், இல்லையென்றால் இனி லத்தீனாகிவிடும்" என்ற கருத்தில் பேசினார். பேரரசர் மனிதருக்குக் குடியுரிமை தரலாம், சொல்லுக்குத் தர முடியாது என்று மார்செல்லஸ் மறுத்தார் என வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். மார்செல்லஸ் சொன்னதில் பாதி உண்மை. அரசனால் சொல்லுக்குக் குடியுரிமை தர முடியாது. அதை நாள்தோறும் வாயில் வைத்து வழங்கும் மக்களால் முடியும்.

டைபீரியஸ் வாழ்ந்த அதே நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ரோமப் பேச்சுக்கலை ஆசிரியர் குயின்டிலியன் இதை உணர்ந்திருந்தார். வண்டி தொடர்பான 'எபிரேடியம்' என்ற சொல்லை அவர் எடுத்துக்காட்டுகிறார். 'எபி' கிரேக்க முன்னொட்டு. 'ரேடா' கால்லிய மொழி வண்டிப் பெயர். கிரேக்கரும் அச்சொல்லை வழங்கவில்லை, கால்லியரும் வழங்கவில்லை. இரண்டு அயல் உறுப்புகளைச் சேர்த்து ரோமர்கள் தமக்கென ஒன்றை ஆக்கிக்கொண்டார்கள் என்கிறார். எந்த லத்தீனின் தூய்மைக்காகப் பிற்காலத்தார் கொடி பிடித்தார்களோ, அந்த லத்தீனே கலந்த மொழிதான்.

19ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். 1834இல் மைக்கேல் ஃபாரடே தம் மின்வேதியியல் ஆய்வுக்குச் சொற்கள் வேண்டிக் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவலை அணுகினார். 'ஆனோடு', 'கேதோடு', 'அயான்' என்று கிரேக்க வேரிலிருந்தே ஹியூவல் எடுத்துக் கொடுத்தார். அதே ஆண்டு, அவர் எழுதிய ஒரு மதிப்புரையில் 'சயன்டிஸ்ட்' என்ற சொல் அச்சேறியது. லத்தீன் அடியில் கிரேக்கத்திலிருந்து வந்த 'இஸ்ட்' என்னும் விகுதி சேர்ந்தது அது. கிரேக்கத்தில் தேர்ந்த ஒருவர் அறியாமல் செய்த பிழையா இது? இல்லை. 'ஆர்ட்டிஸ்ட்' என்ற சொல்லைப் பார்த்து அவர் அதை அமைத்தார். 'இஸ்ட்' அதற்குள் ஆங்கில விகுதியாகவே மாறியிருந்தது. அறுபது ஆண்டு கழித்து, 1894இலும் உயிரியலாளர் டி. எச். ஹக்ஸ்லி இச்சொல்லைத் தமக்குப் பிடிக்காத சொற்களின் வரிசையில் வைத்தார். அவரையும் நாம் இன்று 'சயன்டிஸ்ட்' என்றுதான் அழைக்கிறோம்.

இங்கேதான் கலப்புக் குற்றச்சாட்டின் அடிப்படை தளர்கிறது. ஒரு சொல்லுறுப்பு எத்தனை நூற்றாண்டு ஆனாலும் பிறந்த வீட்டுக்கே உரியது என்று அக்குற்றச்சாட்டு கருதுகிறது. புகுந்த வீட்டில் அது பெற்றுவளர்த்த பிள்ளைகளை எண்ணுவதில்லை. லத்தீன் அடியும் கிரேக்க ஈறும் சேர்ந்த 'சோஷியாலஜி'யை 1843இல் ஜான் ஸ்டூவர்ட் மில் வசதியான ஒரு மரபுப்பிழை என்ற பொருள்படக் குறிப்பிட்டார். ஆனாலும் அதைக் கைவிடவில்லை. 1944இல் சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின், இனம் என்னும் பொருளுள்ள கிரேக்க 'கெனோஸ்' என்பதோடு கொலையைக் குறிக்கும் லத்தீன் ஈற்றைச் சேர்த்து 'ஜெனோசைட்' என்ற சொல்லை ஆக்கினார். இரண்டு மொழி வேர் என்பதைத் தம் நூலிலேயே வெளிப்படையாக எழுதினார். 1948 டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கை அச்சொல்லின் பெயரிலேயே அமைந்தது. பெயரற்றிருந்த ஒரு கொடுமையைச் சட்டத்தின் முன் நிறுத்த உலகுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. அதன் பிறப்புச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை.

அப்படியானால் வேரறிவு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். கிரேக்கத்தில் 'ஹோமோ' என்றால் ஒத்த. லத்தீனில் 'ஹோமோ' என்றால் மனிதன். 'பெட்' என்ற எழுத்துக்கூட்டு கிரேக்க வழி வந்தால் குழந்தை. லத்தீன் வழி வந்தால் கால். வேர் அறியாதவர் இங்கே பொருளில் தடுக்கி விழுவார். சொல்லாக்கும் வேலை அறிந்தவர் கையில் இருக்க வேண்டும் என்று 1926இல் ஃபௌலர் தம் ஆங்கில வழக்குநூலில் எழுதியது இதனால்தான். ஆனால் அதே ஃபௌலர், வாக்கியத்தின் இறுதியில் முன்னிடைச்சொல் வரலாகாது என்ற விதியை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார். அந்த விதியைக் காட்டியே 1672இல் கவிஞர் டிரைடன் நாடகாசிரியர் பென் ஜான்சனைக் குறை கூறினார். பின்னர்த் தம் பழைய உரைநடையையே அதற்கேற்பத் திருத்தினார். வேரறிவு பொருளைக் காக்கிறது. வெறும் விதிப்பற்று எழுதுபவரை அஞ்ச வைக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே புலமை.

தூய்மை நாடியோர் எல்லாரும் தோற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. டார்செட் கவிஞர் வில்லியம் பார்ன்ஸ், ஆங்கிலத்தின் சொந்த வேர்களிலிருந்து ஒளிப்படத்துக்கு 'சன்பிரின்ட்' என்றும், குழந்தை வண்டிக்கு 'புஷ்-வெயின்லிங்' என்றும் சொற்கள் தந்தார். அவை நிலைக்கவில்லை. ஆனால் ஜெர்மானியர் தம் சொந்த வேர்களில் ஆக்கிய 'ஃபெர்ன்சேயன்' நிலைத்தது. நம் 'தொலைக்காட்சி'யும் 'பேருந்து'ம் நிலைத்தன. சிறு பிள்ளைக்கும் உடனே விளங்கும் சொற்கள் அவை. மறுபுறம், ஆங்கிலமும் தமிழும் ஒட்டிய 'ரயிலடி'யும் நம்மிடையே வாழ்கிறது. செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்த தொல்காப்பியர், வந்த சொல்லுக்கும் இடம் ஒதுக்கியவர்.

இக்கருத்தரங்கில் கட்டுரை படிக்கவிருக்கும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். புதுச்சொல் ஆக்கும்போது நம் மொழியின் வேரை முதலில் நாடுங்கள். அதில் கிடைக்கும் தெளிவு வேறெங்கும் கிடைக்காது. ஆனால் மக்கள் நாவில் வேரூன்றிவிட்ட சொல்லைப் பிறப்பைக் காட்டி வெளியேற்றாதீர்கள். ஒரு சொல் முன்வைக்கப்படும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: பொருள் விளங்குகிறதா? நாவில் தடையின்றி வருகிறதா? அதிலிருந்து வேறு சொற்கள் கிளைக்குமா? இந்த மூன்றுக்கும் ஆம் என்றால் அச்சொல்லுக்கு இடம் கொடுங்கள். மேசையில் இன்னும் நீண்ட பட்டியல் காத்திருக்கிறது. இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.