எஞ்சினும் சாரதியும் இல்லாத கார்

கலிபோர்ணியாவிலே, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கீழ்க்கரையில், பிறீமொன்ற் என்னும் ஊரில் ஒரு மோட்டார்த் தொழிற்சாலை உண்டு. 1962ஆம் ஆண்டில் அதனைத் திறந்தது, அந்நாளில் உலகின் மிகப் பெரிய கார்க் கொம்பனியாயிருந்த ஜெனரல் மோட்டோர்ஸ். இருபது ஆண்டுகளில் அது மூடப்பட்டது. 1984ஆம் ஆண்டில் யப்பானிய டொயோட்டா நிறுவனமும் ஜெனரல் மோட்டோர்ஸும் பங்காளிகளாகி, அதே கட்டடத்தில், பெரும்பாலும் பழைய தொழிலாளரைக் கொண்டே மீண்டும் கார் செய்யத் தொடங்கின. யப்பானியரின் தொழில்முறையை அமெரிக்கர் கண்ணாரக் கண்டு கற்ற இடம் அதுவாகும். 2010ஆம் ஆண்டில் அந்தக் கூட்டும் கலைந்தது. அவ்வாண்டே அத்தொழிற்சாலையை வாங்கிக்கொண்டது டெஸ்லா என்னும் சிறு நிறுவனம். அது தோன்றி அப்போது ஏழாண்டுகளே ஆகியிருந்தன. அது விற்றுக்கொண்டிருந்ததோ விலையுயர்ந்த ஒரே வகைக் கார். அந்தக் காருக்கு எஞ்சினும் இல்லை, புகைக்குழாயும் இல்லை.

பெரும் நிறுவனங்கள் இரண்டு கைவிட்ட வாயிலால், அனுபவம் குன்றிய புதியவர் எவ்வாறு உள்ளே நுழைய முடிந்தது? இதற்கு விடை காண, எஞ்சின் என்பது மோட்டார்த் தொழிலுக்கு என்னவாக இருந்தது என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

நூறாண்டுக்கும் மேலாக அத்தொழிலின் கோட்டை மதிலாய் நின்றது எஞ்சினே. சிலிண்டருக்குள்ளே பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்து, பொறி பட்டு எரிந்து, அதன் விசை பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் தண்டைச் சுழற்ற, அந்தச் சுழற்சி கியர்ப் பெட்டி வழியாகச் சில்லுகளைச் சென்றடைகிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை நிகழும் இச்செயல், எண்ணெய் கசியாமலும் ஓசை மிகாமலும் பல ஆண்டுகள் நிகழ வேண்டும். இதற்கான உலோக வார்ப்பும், கடைசலும், நுண்ணிய அளவுகளும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த கைத்திறன். பணமிருந்தால் மட்டும் அதனைப் பெற்றுவிட முடியாது. ஆகவேதான் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மோட்டார்த் தொழிலிற் புகுந்து நிலைத்த புதியவர் மிகச் சிலர்.

மின்சாரக் காரோ இந்த மதிலைச் சுற்றிக்கொண்டு வந்தது. அதன் மோட்டாரிலே சுழல்வது ஒரு தண்டு, வெடிப்பில்லை, பொறியில்லை, பல கியர்கள் மாறும் பெட்டியும் பெரும்பாலும் வேண்டுவதில்லை. பெற்றோலின் சக்தியில் ஏறக்குறையக் காற்பங்கே காரைச் செலுத்தப் பயன்படுகிறது. மிகுதி வெப்பமாய்க் காற்றிற் கலக்கிறது. மின்மோட்டாரோ தான் பெறும் சக்தியில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேலாகச் சில்லுக்குக் கொடுக்கிறது. அந்த மின்சாரத்தை நிலக்கரி எரித்தா, நீர்வீழ்ச்சியாலா பெறுகிறோம் என்பது வேறொரு கேள்வி. அதனை மறந்துவிட்டு மின்சாரக் காரைப் புகழ்வோரும் உளர்.

இந்தக் கார் புதுமையானதென்று கருதுவதும் தவறாகும். மணிக்கு 100 கிலோ மீற்றர் வேகத்தை முதன்முதலாகத் தாண்டிய கார், 1899ஆம் ஆண்டில் கமீல் ஜெனாற்சி என்ற பெல்சியர் ஓட்டிய மின்சாரக் காரேயாகும். 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் செய்யப்பட்ட கார்களில் மின்சாரக் கார்கள் 1,575. பெற்றோற் கார்கள் 936 மட்டுமே. மற்றவை நீராவியால் ஓடியவை. அந்நாளிற் பெற்றோல் எஞ்சினைக் கைப்பிடியாற் சுழற்றிக் கிளப்ப வேண்டியிருந்தது. பிடி திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும். சார்ள்ஸ் கெற்றறிங் அமைத்த தானே கிளப்பும் கருவி 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் வந்தபோது அத்தொல்லை ஒழிந்தது. அந்தக் கருவி ஒரு சிறு மின்மோட்டார். மின்சாரக் காரை வீழ்த்துவதற்கு மின்மோட்டாரே துணைபோன வேடிக்கை இது! ஹென்றி போர்ட் தம் காரின் விலையை ஆண்டுதோறும் குறைத்து வந்தமை எஞ்சிய வேலையை முடித்தது.

மின்சாரக் காரின் நோய் மோட்டாரில் அன்று, பற்றரியிலே இருந்தது. ஈயப் பற்றரிகள் பாரமானவை. சிறிது தூரமே கொண்டு செல்வன. இதற்கு மருந்தாய் அமைந்த லிதியம் பற்றரியை 1991ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தது யப்பானின் சோனி நிறுவனம். அதற்கு அடிகோலிய ஜோன் குடினஃப், ஸ்ரான்லி விற்றிங்ஹாம், அக்கிரா யொஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. அப்பற்றரி முதலிற் பிறந்தது கைக்கருவிகளுக்காகவே. ஒளிப்படக் கருவிகளுக்கும், கணினிகளுக்கும், கைத்தொலைபேசிகளுக்குமாகக் கோடிக்கணக்கிற் செய்யச் செய்ய விலை இறங்கியது. ஒரு கிலோவாற்று மணி மின்சாரத்தைச் சேமிக்கும் பற்றரித் தொகுதி 2010ஆம் ஆண்டளவில் 1,000 டொலருக்கு மேல் விற்றது. 2024ஆம் ஆண்டில் ஏறக்குறைய 115 டொலருக்கு வந்துவிட்டது. இந்த ஓர் இறக்கமே ஏனைய மாற்றங்கள் யாவற்றுக்கும் வேர்.

இதனை எவரினும் நன்கு உணர்ந்தவர் சீனராவர். வாங் சுவான்பூ என்பவர் 1995ஆம் ஆண்டில் சென்சென் நகரிற் பி.வை.டி. என்னும் நிறுவனத்தைத் தொடங்கியபோது, அது செய்தது பற்றரிகளை மட்டுமே. 2003ஆம் ஆண்டில் நலிந்த ஒரு சிறு கார்க் கொம்பனியை அது வாங்கியது. மோட்டார்த் தொழிலில் ஊறியவர் அந்நாளில் அதைப் பொருட்படுத்தவில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெற்றோலால் மட்டும் ஓடும் கார்களைச் செய்வதை அந்நிறுவனம் அடியோடு நிறுத்தியது. 2023ஆம் ஆண்டின் இறுதி மூன்று மாதங்களில், முழு மின்சாரக் கார் விற்பனையில் டெஸ்லாவையே முந்தியது. கார்க்காரர் பற்றரியைத் தேடி அலைந்த காலத்தில், பற்றரிக்காரர் காரைச் செய்யக் கற்றுக்கொண்டார் என்பதே இக்கதையின் சாரம். சீன அரசு பல்லாண்டுகளாக வழங்கிய உதவிப்பணமும் இதற்குக் காரணமாயிற்று என்பதை ஒளிப்பதற்கில்லை.

2024ஆம் ஆண்டில் உலகெங்கும் விற்ற மின்சாரக் கார்கள், பெற்றோலையும் துணைக்கொண்டு மின்னேற்றி ஓடுவன உட்பட, 1 கோடியே 70 இலட்சத்துக்கு மேற்பட்டன. அதாவது ஐந்து புதுக் கார்களுக்கு ஒன்றினும் அதிகம். சீனாவிலோ ஏறக்குறையச் சரிபாதி. எண்ணெய் விற்றுச் செல்வம் சேர்த்த நோர்வேயிலே அவ்வாண்டின் புதுக் கார்களில் நூற்றுக்கு 88க்கு மேற்பட்டவை முழு மின்சாரக் கார்கள். பெற்றோற் காருக்கு மிகுந்த வரியும், மின்சாரக் காருக்கு வரிவிலக்கும் அளித்து அந்நாட்டார் இதனைச் சாதித்தனர். சீனக் கார்கள் தம் சந்தையை நிரப்பிவிடுமென அஞ்சிய அமெரிக்கா, 2024ஆம் ஆண்டில் சீன மின்சாரக் கார்களுக்கு நூற்றுக்கு நூறு இறக்குமதி வரி விதித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் அவ்வாண்டே மேல்வரி விதித்தது.

பற்றரியின் ஒரு முனையிலே காரீயம் உள்ளது. இலங்கையிற் போகல, கஹட்டகஹச் சுரங்கங்களில் நெடுங்காலமாக அகழ்ந்தெடுக்கப்படும் அதே பொருள்தான். ஆனால், காரீயமாயினும் லிதியமாயினும் அதனைப் பற்றரிக்கு ஏற்றவாறு பதப்படுத்தும் ஆலைகளில் மிகப் பெரும்பாலானவை இருப்பது சீனாவில். நிலத்தின் கீழ்ப் பொருள் வைத்திருப்போரினும், அதனைத் தூய்மை செய்யத் தெரிந்தோரே இத்தொழிலிற் பலமுடையோராய் விளங்குகின்றனர்.

இனி, எஞ்சினை நம்பி வாழ்ந்தவரின் நிலை யாது? ஜேர்மனியின் வோல்க்ஸ்வாகன் நிறுவனம், 2030ஆம் ஆண்டுக்குள் அந்நாட்டில் 35,000க்கு மேற்பட்ட வேலைகளைக் குறைப்பதென 2024 டிசெம்பரில் தொழிற்சங்கத்துடன் உடன்பட்டது. அதற்கு மின்சாரக் கார் மட்டுமே காரணமன்று. சீனச் சந்தையிற் கண்ட சரிவும், உற்பத்திச் செலவும் சேர்ந்தே காரணமாயின. அமெரிக்க மோட்டார்த் தொழிலாளர் சங்கம் 2023 செப்டெம்பரில் மூன்று பெருங் கொம்பனிகளுக்கும் எதிராக ஒரே வேளையில் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதியத்தோடு வேறொரு வினாவையும் எழுப்பியது: எஞ்சின் ஆலை மூடி, வேறோர் ஊரிற் பற்றரி ஆலை திறந்தால், அங்கு கிடைப்பது பழைய கூலியா, குறைந்த கூலியா? ஜெனரல் மோட்டோர்ஸ் தன் பற்றரி ஆலைகளையும் பொது ஒப்பந்தத்தினுள் கொணர இசைந்தது. ஐம்பது வயது வரை எஞ்சின் கடைசலிற் கை தேர்ந்த ஒருவருக்கு இது சிறிய செய்தியன்று.

எஞ்சினைத் துறந்தவரெல்லாம் பிழைத்தனர் என்பதுமில்லை. போர்ட் கொம்பனியின் மின்சாரக் கார்ப் பிரிவு 2024ஆம் ஆண்டில் 500 கோடி டொலருக்கு மேல் நட்டமடைந்தது. ஐரோப்பாவின் பற்றரி நம்பிக்கையெனப் போற்றப்பட்ட சுவீடனின் நோர்த்வோல்ற் நிறுவனம் 2025 மார்ச்சில் முறிந்தது. மறுபுறத்தில், எஞ்சினையும் மோட்டாரையும் இணைத்த கலப்புக் காரையே பற்றி நின்ற டொயோட்டாவைப் பலர் பழமைவாதியெனப் பழித்தனர்; 2024ஆம் ஆண்டில் உலகில் மிகுதியான கார்களை விற்றது அந்நிறுவனமே. அவசரப்படாமையும் ஒருவகை அறிவென அந்த வயதான கொம்பனி எண்ணியது போலும்!

எஞ்சின் மறைவதோடு கார் விற்கும் முறையும் மாறுகின்றது. முன்பு கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறினால், அதன் இயல்பு அத்துடன் முடிந்தது. இன்று காருக்குள்ளே கணினி ஆள்கிறது. அதற்குரிய கட்டளைகளைச் செய்தவர் தொலைவிலிருந்தே மாற்றலாம். 2023 டிசெம்பரில் டெஸ்லா, சாரதிக்குத் துணைசெய்யும் தன் கருவியிற் கண்ட குறைக்காக அமெரிக்காவில் ஏறக்குறைய 20 இலட்சம் கார்களுக்குத் திருத்தம் செய்ய வேண்டியதாயிற்று. ஒரு காரும் கராஜுக்குப் போகவில்லை. திருத்தம் வானலை வழியே வந்து சேர்ந்தது. இதில் இலாபம் தேடும் ஆசையும் பிறந்தது. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2022ஆம் ஆண்டிற் சில நாடுகளில், காரில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்த இருக்கை சூடாக்கும் வசதிக்கு மாதவாடகை கேட்டது. வாங்கியோர் சினந்தனர், மறு ஆண்டே அது கைவிடப்பட்டது.

இரண்டாவது மாற்றம் சாரதியைப் பற்றியது. எஞ்சினின் மறைவு போல இது விரைவில் நடந்தேறவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிலையம் 2004 மார்ச்சில் மொகாவிப் பாலைவனத்தில் ஆளில்லா வண்டிகளுக்குப் பத்து இலட்சம் டொலர்ப் பந்தயம் ஒன்றை வைத்தது. மிகத் தூரம் போன வண்டியும் 12 கிலோ மீற்றரைத் தாண்டவில்லை. மறு ஆண்டில் ஐந்து வண்டிகள் முழுப் பாதையையும் கடந்தன. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் வண்டி வென்றது. அதன் தலைவரான செபாஸ்தியன் துருன் முதலானோரைக் கொண்டு 2009ஆம் ஆண்டிற் கூகிள் தொடங்கிய முயற்சி, பின்னர் வேமோ என்னும் கொம்பனியாயிற்று. 2020 ஒக்டோபரில் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகர்ப் புறத்திலே, சாரதி இருக்கை வெறுமையாயிருக்க, வேமோவின் வாடகைக் கார்கள் பொதுமக்களை ஏற்றிச் செல்லலாயின. அங்கு மழை குறைவு, வீதிகள் அகலம். அதிலிருந்து சான் பிரான்சிஸ்கோவின் மேடுகளுக்கு வருவதற்கு மேலும் சில ஆண்டுகள் சென்றன.

இந்தக் கார்கள் ஒளிக்கதிரை வீசி, அது பட்டுத் திரும்பும் நேரத்தால் தூரத்தை அளக்கின்றன. ரேடார்க் கருவியாலும் படக்கருவிகளாலும் சுற்றிலும் நோக்குகின்றன. களைப்பில்லை, மதுவில்லை, கவனச் சிதைவில்லை. ஆனால் காண்பது வேறு, கண்டதை இன்னதென அறிவது வேறு. வீதியில் ஒரு பந்து உருண்டு வந்தால், அதன் பின்னே ஒரு பிள்ளை ஓடி வரும் என்பதை மனிதச் சாரதி எவரும் சொல்லாமலே அறிவார். 2018 மார்ச்சில் அரிசோனாவின் தெம்பி நகரில், ஊபர் நிறுவனம் பரீட்சித்துக்கொண்டிருந்த தானியங்கிக் கார், இரவிலே துவிச்சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. மோதுவதற்கு ஐந்து விநாடிகளுக்கு முன்பே அவரைக் கருவிகள் கண்டிருந்தன. ஆனால் கணினியோ அவரை ஒரு கணம் வாகனம் என்றும், மறு கணம் துவிச்சக்கர வண்டி என்றும் மாறி மாறிக் கணித்தது. வண்டியிற் கண்காணிப்புக்காக அமர்ந்திருந்தவர் அப்போது வீதியை நோக்கவில்லை.

இத்தகைய சோதனைகளும் செலவும் பலரைப் பின்வாங்கச் செய்தன. ஊபர் 2020ஆம் ஆண்டில் அம்முயற்சியை வேறொரு கொம்பனிக்குக் கைமாற்றியது. ஜெனரல் மோட்டோர்ஸின் குறூஸ் கார் ஒன்று 2023 ஒக்டோபரிற் சான் பிரான்சிஸ்கோவில், வேறொரு காரால் மோதுண்டு விழுந்தவரைத் தன் கீழே இழுத்துச் சென்றது. கலிபோர்ணிய அதிகாரிகள் அனுமதியை நிறுத்தினர். மறு ஆண்டு டிசெம்பரில் ஜெனரல் மோட்டோர்ஸ் அவ்வாடகைக் கார்த் திட்டத்துக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. கார்க் கொம்பனிகள் இதிற் பெரும் பணத்தைக் கொட்டியதன் காரணம் வியப்புக்குரியதன்று. நாளின் பெரும்பகுதி சும்மா நிற்கும் சொந்தக் காரை விடுத்து, வேண்டியபோது வந்து நிற்கும் சாரதியற்ற காரை மக்கள் நாடுவாராயின், அவர்கள் வாங்கும் கார்கள் குறையும். வாடகையை வாங்குபவர் கையிலே தொழில் போய்ச் சேரும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்போரின் கவலையை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

சட்டமோ இவற்றுக்கெல்லாம் பின்னே மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது. தெம்பி விபத்தில் ஊபர் நிறுவனத்தின்மீது குற்ற வழக்குத் தொடரப்படவில்லை. இருக்கையில் அமர்ந்திருந்தவரே குற்றம் சாட்டப்பட்டு, 2023ஆம் ஆண்டிற் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உட்பட்டார். இருக்கையிலே எவருமே இல்லாவிடின் யாரைப் பிடிப்பது? கலிபோர்ணியாவிற் சாரதியற்ற கார் வீதிவிதியை மீறினால், குற்றச்சீட்டை யாருக்கு எழுதுவதென்று பொலிசார் திகைத்து நின்றதுண்டு; சட்டப்படி அது சாரதிக்கே உரியதாகையால். அச்சீட்டுக்கு ஈடான அறிவித்தலைக் காரை நடத்தும் கொம்பனிக்கே கொடுக்கப் பொலிசாருக்கு அதிகாரமளிக்கும் சட்டத்தை அம்மாநிலம் 2024ஆம் ஆண்டில் இயற்றியது; 2026 யூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வரும் நாளெனக் குறிக்கப்பட்டது.