கடிகாரமும் கதிரவனும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

மொழியின் பெருமையையும் இலக்கியத்தின் இனிமையையும் எடுத்துரைக்க வல்ல அறிஞர் பலர் இவ்விழாவிற்கு வந்துள்ளனர். ஆதலின், நாம் ஓர் எளிய பொருளை எடுத்துக்கொண்டோம். அது நம் வீட்டுச் சுவரில் தொங்கும் கடிகாரத்தைப் பற்றியது.

நம் காலனியில் இன்று பிள்ளையையோ பெண்ணையோ கடல் கடந்து அனுப்பாத தெரு அரிது. மார்ச்சு மாதம் பிறந்ததும் தாய்மார் பலர்க்கு ஓர் ஐயம் எழுகின்றது. இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து வந்த மகன் திடீரென்று ஏழு மணிக்கே அழைக்கின்றான். ஏன் என்று கேட்டால், “இங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிட்டார்கள், அம்மா” என்கின்றான். நவம்பரில் மீண்டும் எட்டு மணியாகின்றது. காலத்தை மனிதன் தள்ளவும் இழுக்கவும் கூடுமோ என்று முதியோர் வியக்கின்றனர்.

வியப்பதற்கு ஒன்றும் இல்லை. இது முற்றிலும் அயல்நாட்டு வழக்கமும் அன்று. நம் நகரியும் ஒரு காலத்தில் மூன்று ஆண்டுகளுக்கு மேல், முன்னே தள்ளிய கடிகாரத்தோடு வாழ்ந்த ஊர்தான். அவ்வரலாற்றைச் சிறிது கூற விரும்புகின்றோம்.

கடிகாரம் பரவுவதற்கு முன், ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் கதிரவனே கடிகாரம். கதிரவன் உச்சிக்கு வந்தால் நண்பகல். நகரி சென்னைக்கு மேற்கே இருப்பதால், சென்னையில் உச்சியாகி இரண்டு மூன்று நிமிடம் கழித்தே இங்கு உச்சியாகும். வண்டி மாட்டோடு செல்வோர்க்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. புகைவண்டிக்கோ அது பெரும் பொருட்டு. சென்னையில் 1792-ல் வானை நோக்கும் ஆய்வுக்கூடம் அமைந்தது. அங்குப் பணியாற்றிய கோல்டிங்காம் 1802-ல் சென்னையின் நேரத்தைக் கணித்து நிறுவினார். அது கிரீனிச்சு நேரத்திற்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. பின்னாளில் இந்திய இருப்புப்பாதைகள் இச்சென்னை நேரத்தையே தம் பொது நேரமாகக் கொண்டன. அரக்கோணத்தில் பிரிந்து நம் ஊர் வழியாக ரேணிகுண்டா செல்லும் பாதை, 1871-ல் இராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்த பெரும்பாதையின் ஒரு பகுதி. ஆதலின், நகரி மக்கள் கேட்ட புகைவண்டிச் சங்கு சென்னை நேரப்படி ஒலித்தது.

1906 சனவரி முதல் நாளன்று இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வந்தது. அதற்கு அடிப்படை கிழக்கே எண்பத்திரண்டரைப் பாகையில் செல்லும் கோடு. நகரி அக்கோட்டிற்கு ஏறத்தாழ மூன்று பாகை மேற்கே உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம்; ஆகவே, இன்றும் நம் கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்துச் சராசரி பன்னிரண்டு நிமிடம் சென்ற பிறகே கதிரவன் நம் தலைக்கு மேல் வருகின்றான். சென்னைக் கடிகாரம் அன்று ஒன்பது நிமிடமே முன் சென்றது. பம்பாய்க்கோ முப்பத்தொன்பது நிமிடம். அங்கு ஆலைத் தொழிலாளர் எதிர்த்தனர். நகராட்சி மன்றமும் பழைய நேரத்தையே போற்றியது. பம்பாய் நேரம் 1955 வரையிலும், கல்கத்தா நேரம் 1948 வரையிலும் வழக்கில் இருந்தன. மக்களின் உடலும் வேலையும் கடிகார மாற்றத்தை உணரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது. விளக்கெரிக்கும் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தவும், பகலொளியை வேலைக்கு மிகுதியாகப் பயன்படுத்தவும் அரசினர் கருதினர். 1942 செப்டம்பர் முதல் நாளன்று நாடெங்கும் கடிகாரம் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது. 1945 அக்டோபர் 15-ல்தான் பழைய நேரம் திரும்பிற்று. குளிர்காலத்தில் பின்னிழுக்கவும் இல்லை. மூன்று பனிக்காலமும் அப்படியே சென்றன.

நகரியில் சனவரி மாதம் கதிரவன் எழுவது ஏறத்தாழ 6 மணி 38 நிமிடத்திற்கு. போர்க்காலக் கடிகாரப்படி அது 7 மணி 38 நிமிடம்! ஏழரை மணி வண்டியைப் பிடிக்க வேண்டியவன் இருளிலே வீட்டை விட்டுப் புறப்பட்டிருப்பான். கைத்தறி நெய்வோர்க்குக் கதிரொளியே விளக்கு; பள்ளத்தில் கால் வைத்துத் தறியில் அமர்ந்தவருக்கு, இழை கண்ணுக்குத் தெரியும் நேரமே வேலை நேரம். அவரிடம் கடிகாரத்தைத் தள்ளிப் பயன் என்ன? கச்சேரிக்கும் பள்ளிக்கும் புகைவண்டிக்கும் ஒரு நேரம், தறிக்கும் ஏருக்கும் மாட்டுக்கும் வேறொரு நேரம் என்று ஒரே ஊரில் இரண்டு காலங்கள் நடப்பது அத்தகைய மாற்றத்தின் இயல்பு.

அன்பர்களே! இம்முறை தோன்றிய இடத்தில் அதற்குக் காரணம் உண்டு. நியூசிலாந்தில் அட்சன் என்பார் 1895-லும், இங்கிலாந்தில் வில்லெட் என்பார் 1907-லும் இக்கருத்தைக் கூறினர். முதல் உலகப்போரின்போது, 1916-ல், செருமனி முதலிலும் இங்கிலாந்து பின்னரும் நாடு முழுமைக்கும் இதனை மேற்கொண்டன. இலண்டனில் கோடையின் நெடும்பகல் பதினாறரை மணிக்கு மேல். குளிர்காலத்தில் எட்டு மணிக்கும் குறைவு. கோடையில் மக்கள் உறங்கும்போதே வீணாகும் வைகறை ஒளியை மாலைக்கு மாற்றுவதே அவர்தம் நோக்கம். நம் நகரியிலோ நெடும்பகல் பதின்மூன்று மணிக்குச் சிறிது குறைவு; குறும்பகல் பதினொன்றேகால் மணிக்குச் சிறிது கூடுதல். வேறுபாடு ஒன்றரை மணியளவே. மாற்றி வைக்க நம்மிடம் மிகுந்த ஒளி ஏது?

நம்மவர் சென்ற பிற நாடுகளிலும் இக்கதை நிகழ்ந்தது. மலேயாவில் 1942-ல் சப்பானியர் ஆட்சி வந்தபோது, தோக்கியோ நேரத்திற்கு இணங்கக் கடிகாரம் ஒன்றரை மணி முன்னே சென்றது. தோட்டத் தமிழரும் அதன்படியே எழ நேர்ந்தது. இலங்கையில் மின்சாரத் தட்டுப்பாட்டினால் 1996 மே மாதம் ஒரு மணி முன்னே தள்ளினர். அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னிழுத்தனர். 2006 ஏப்ரலில் பழைய நேரத்திற்கே மீண்டனர். அவ்விடைக்காலத்தில், வடக்கே விடுதலைப் புலிகளின் ஆட்சியில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே கைக்கொண்டிருந்தன. எல்லை கடந்து உறவினரைக் காணச் சென்றவர் கைக்கடிகாரத்தையும் திருத்த வேண்டியிருந்தது.

நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சி ஓயவில்லை. வடகிழக்கில் விடியல் மிக முந்துவதால், அசாம் தேயிலைத் தோட்டங்கள் ஒரு மணி முந்திய தோட்ட நேரத்தைப் பின்பற்றி வந்துள்ளன. 2018-ல் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் இந்தியாவிற்கு இரண்டு நேரங்கள் வேண்டும் என்று ஆய்வுரை எழுதினர். நாடு முழுமைக்கும் அரை மணி முன்னே தள்ளலாம் என்போரும் உளர். வடகிழக்கு மக்களின் குறை உண்மையானது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், அரை மணி தள்ளினால் நகரியில் தை மாதக் கதிரவன் ஏழு மணிக்கு மேல்தான் எழுவான். விசைத்தறிக்கூடத்துக் காலை முறைக்குச் செல்லும் பெண்களும், ஏழு மணிப் பேருந்திற்கு நிற்கும் சிறுவரும் இருளில் நடப்பர். ஒரு நாட்டிற்கு ஒரு கடிகாரம் நன்று. அதைத் திருத்துமுன் அதன் பாரம் யார் தோளில் விழும் என்று எண்ணுதல் அதனினும் நன்று.

இதற்கு மாற்று வழி நம் கண்முன்னே உள்ளது. கோடை தொடங்கியதும் ஆந்திரப் பள்ளிகளில் ‘ஒண்டிபூட்ட படுலு’ என்னும் ஒருவேளைப் பள்ளி நடைபெறுவதை நம் பிள்ளைகள் அறிவர். காலை எட்டு மணிக்கு முன்னரே தொடங்கி நண்பகலோடு முடிகின்றது. கடிகாரத்தை ஒருவரும் தொடுவதில்லை. வேலை நேரம் மட்டும் வெயிலுக்கேற்ப மாறுகின்றது. இதுவே நம் நிலத்திற்கு ஏற்ற பகலொளிச் சேமிப்பு என்று துணிந்து கூறுவோம்.

எனினும், நம் மக்கள் வாழும் நாட்டு முறையை நாம் மாற்ற இயலாது, அதனோடு பழகிக்கொள்ளலாம். அதற்குச் சில கூறுகின்றோம்.

முதலாவது, நாளை அறிந்துகொள்ளுதல். அமெரிக்காவில் மார்ச்சு இரண்டாம் ஞாயிறு முன்னே, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே. இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் மார்ச்சு, அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகள். ஆஸ்திரேலியாவில் சிட்னி, மெல்போர்ன் நகரங்களில் அக்டோபர் முதல் ஞாயிறு முன்னே, ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே. பிரிஸ்பேனில் மாற்றமே இல்லை. நியூயார்க்கு நம்மினும் குளிர்காலத்தில் பத்தரை மணி, கோடையில் ஒன்பதரை மணி பிந்தியது. இதனை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, உடல் நலம். ஒரே இரவில் ஒரு மணி உறக்கத்தை இழப்பதைவிட, நான்கு நாள் முன்பிருந்தே நாளும் கால்மணி முந்தி உறங்குதல் நலம். குழந்தைகட்கும் முதியோர்க்கும் இது மிகத் தேவை. பேரக்குழந்தையைப் பார்க்கச் செல்லும் பெரியோர் மருந்து வேளையை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்க.

மூன்றாவது, ஊதியம். கடிகாரத்தைப் பின்னிழுக்கும் இரவில் மருத்துவமனை முதலிய இடங்களில் எட்டு மணி வேலை ஒன்பது மணியாகும். உழைத்த மணிக்கெல்லாம் கூலி வந்ததா என்று பிள்ளைகள் கணக்குப் பார்க்கட்டும்.

நான்காவது, நல்ல வேளை பார்ப்பது. நம் பஞ்சாங்கம் கதிரவன் எழுவதிலிருந்து நாழிகையை எண்ணுவது. அதற்குக் கடிகார மாற்றத்தால் இடையூறு இல்லை. நாட்காட்டித் தாளில் அச்சிட்ட இராகு காலமோ ஆறு மணி உதயத்தைக் கொண்டது. அயல்நாட்டில் ஆறரைக்கு எழுந்து மாலை எட்டரைக்கு மறையும் நாளாயின், பகல் பதினான்கு மணி. எட்டில் ஒரு பங்கு ஒன்றேமுக்கால் மணி. திங்கட்கிழமைக்குரிய இரண்டாம் பங்கு எட்டேகால் முதல் பத்து வரை. நம்பிக்கையுடையோர் இவ்வாறு கணக்கிடுக.

கடைசியாக, இளைஞர்களுக்கு ஒரு சொல். நீங்கள் அயல்நாடு செல்வீர்கள். அங்குக் கடிகாரம் மாறும் நாளில், இங்கே பழைய நேரத்திற்கே தொலைபேசியருகில் காத்திருக்கும் தாயை எண்ணி, முந்தின நாளே ஒரு சொல் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு மணி நேரக் கவலை அவர்க்கு மிகப் பெரிது.

 நம் சங்கம் வாழ்க! தமிழும் அண்டை மொழியாம் தெலுங்கும் உறவாடி வளர்க!