நீ எந்தக் கட்சி?

(அரியலூரில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் நாற்பது நிமிடம் பேசி என் வேலையைப் பாதியாகக் குறைத்த நண்பர் அவர்களே, மழை வரும்போலத் தெரிந்தும் குடையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, பின்னால் சைக்கிள் மேல் சாய்ந்து நிற்கும் தம்பிகளே!

நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாயைத் திறந்தால் என்னிடம் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

ஒரு ஆகஸ்ட் 15 அன்று எங்கள் ஊர்க் கிராம சபைக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம், நாளைக்கும் நான் அங்கேதான் குடியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஒரு சாமியானா, இருபது பிளாஸ்டிக் நாற்காலி, மேசைமேல் தீர்மான நோட்டு. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. நோட்டை எட்டிப் பார்த்தேன். தாளின் மேல்பாதி வெள்ளையாக இருந்தது. கீழ்ப்பாதி முழுக்கக் கையெழுத்தும் கைநாட்டும். தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வார்களாம். "தெருவிளக்குக்கு எவ்வளவு செலவாச்சு, கணக்கைக் கொஞ்சம் வாசிங்களேன்" என்றேன். வாசிக்க வேண்டியவர் வாசிக்கவில்லை. பக்கத்தில் நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்க எந்தக் கட்சி?"

தெருவிளக்குக்கு என்னய்யா கட்சி? எரிந்தால் எல்லோருக்கும் வெளிச்சம், எரியாவிட்டால் எல்லோருக்கும் இருட்டு.

அந்த வேப்பமரத்தடி நோய்தான் டெல்லி வரைக்கும் போயிருக்கிறது என்பது என் கட்சி. அங்கே கொஞ்சம் முற்றிவிட்டது, அவ்வளவுதான். ஊரில் கேள்வி கேட்டால் "நீ எந்தக் கட்சி?" டெல்லியைப் பார்த்துக் கேள்வி கேட்டால் "நீ எந்த நாடு?"

இதை உங்கள் ஊரில் வந்து பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 1956 நவம்பர் 23, விடியற்காலை. அடைமழையில் மருதையாறு கரைபுரண்டு ஓடுகிறது. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் இங்கே அரியலூரைத் தாண்டிப் போகிறது. மருதையாற்றுப் பாலம் இற்றுவிட்டது. என்ஜினும் பெட்டிகளும் வெள்ளத்தில் இறங்கின. 140 பேருக்கு மேல் செத்தார்கள். உங்களில் வயதானவர்கள் வீட்டில் இந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள்.

அப்போது ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. பாலத்தை அவர் கட்டவில்லை, மழையை அவர் பெய்யச் சொல்லவில்லை. ஆனாலும் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். அதே ஆண்டு சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதும் எழுதிக் கொடுத்தார், அதை நேரு திருப்பிக் கொடுத்துவிட்டார். அரியலூருக்குப் பிறகு நேருவால் மறுக்க முடியவில்லை. சாஸ்திரி மேல் குற்றம் இருப்பதாக நினைத்து இதை ஏற்கவில்லை, ஒரு நல்ல முறைக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றே ஏற்கிறேன் என்ற பொருளில் நாடாளுமன்றத்தில் சொன்னார்.

ராஜினாமா செய்தால் செத்தவன் பிழைப்பானா என்று கேட்பீர்கள். பிழைக்க மாட்டான். ஆற்றில் போனவன் ஆற்றோடு போனவன்தான். ஆனால் "இது யார் பொறுப்பு?" என்று ஒரு தாய் கேட்டால், "என் பொறுப்பம்மா" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தான். 1999-இல் கைசால் விபத்துக்குப் பிறகு நிதிஷ் குமாரும் அப்படிப் போனவர்தான். அரசியலில் யாரும் அழிந்துவிடவில்லை. நிதிஷ் மறுபடியும் ரயில்வே மந்திரியானார், சாஸ்திரி பிரதமரே ஆனார். 2023 ஜூன் 2, ஒடிசாவில் பாலாசோர் பக்கத்தில் நம் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் தடம் மாறிப்போய் மோதியது. 290 பேருக்கு மேல் போனார்கள். மந்திரி நாற்காலி அசையவில்லை. நாம் யாராவது வற்புறுத்தினோமா? நாமும்தான் நாலு நாள் டிவியில் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் கிரிக்கெட்டுக்கு மாறிக்கொண்டோம்.

இன்னொரு கதை. இதில் ஒரு தமிழர் இருக்கிறார். 1957 டிசம்பர். எல்.ஐ.சி. பிறந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பாலிசிதாரர்கள் பணத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாயை முந்த்ரா என்கிற வியாபாரியின் நொடித்த கம்பெனிப் பங்குகளில் போட்டுவிட்டார்கள். மக்களவையில் இதைக் கேட்டவர் பெரோஸ் காந்தி. எதிர்க்கட்சிக்காரரா? ஆளும் காங்கிரஸ் எம்.பி. அது மட்டுமா, பிரதமர் நேருவின் சொந்த மருமகன்! மாமனார் அரசாங்கத்தை எழுந்து நின்று கேட்டார். நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை, அதுவும் பொதுமக்கள் வந்து பார்க்கத் திறந்த விசாரணை. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர், நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். நேருவுக்கு அவரை விட மனமில்லை. ஆனாலும் விட்டார்.

இன்றைக்கு ஆளும் கட்சி எம்.பி. ஒருவர் தன் அரசாங்கத்தை அப்படிக் கேட்பாரா? எந்தக் கட்சி ஆண்டாலும் சரி. 1985-இல் ராஜீவ் காந்தி ஆட்சியில் கட்சித்தாவல் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். பணப்பெட்டிக்கு விலை போகிறவனைத் தடுக்க வந்த சட்டம். பெட்டி நின்றதா? மொத்தமாகக் கைமாறுகிறது, அவ்வளவுதான். சட்டத்தால் நிஜமாகக் கட்டுண்டது மனச்சாட்சி. கொறடா சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போட்டால் பதவி போகும், அது சாதாரண மசோதாவாக இருந்தாலும். நீங்கள் வெயிலில் நின்று தேர்ந்தெடுத்து அனுப்புகிற ஆள், கையைத் தூக்கக்கூடக் கட்சித் தலைவரைக் கேட்க வேண்டும்.

அப்புறம் சபை என்னத்திற்கு என்று அவர்களுக்கே தோன்றிவிட்டது போலும். முதல் மக்களவை 677 நாள் கூடியது. 2019-இல் வந்த 17-ஆவது மக்களவை 274 நாள். துணை சபாநாயகர் நாற்காலியில் நம் கரூர் தம்பிதுரை 2019 வரை இருந்தார். அவருக்குப் பிறகு அந்த மக்களவையின் ஐந்து வருஷமும் அந்த நாற்காலி காலி. கூடிய சீக்கிரம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 93-ஆவது பிரிவு சொல்கிறது. ஐந்து வருஷம் எந்த ஊரில் 'கூடிய சீக்கிரம்'?

வேளாண் சட்டங்களை நினைத்துப் பாருங்கள். 2020 செப்டம்பர் 20, மாநிலங்களவை. ஓட்டெண்ணிக்கை வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கத்துகின்றன. குரல் வாக்கெடுப்பில் முடிந்தது. பிறகு விவசாயிகள் ஒரு வருஷம் டெல்லி எல்லையில் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்களை ரத்து செய்தார்கள். அன்றாவது பேசினார்களா? விவாதமே இல்லாமல் சில நிமிடங்களில் முடித்துவிட்டார்கள். ரத்தானதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வந்ததும் ஒருவர் விருப்பம், போனதும் ஒருவர் விருப்பம் என்றால், நடுவில் இருக்கிற ஐந்நூற்றுச் சொச்சம் பேருக்கு எதற்குச் சம்பளம்?

சபையை விடுங்கள், பத்திரிகைக்காரர்களுக்காவது பதில் உண்டா? வாய் பேசாதவர் என்று ஊரே கேலி செய்த மன்மோகன் சிங்கூட 2014 ஜனவரியில் பத்திரிகைக்காரர்கள் முன் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். இன்றைய பிரதமர் நரேந்திர மோடி பேச்சில் வல்லவர், அதை நான் மறுக்கவில்லை. மாதாமாதம் வானொலியில் மனதின் குரல் வருகிறது. 2019 மே மாதம் கட்சி அலுவலகத்தில் நிருபர்கள் முன் வந்து உட்கார்ந்தார். கேள்விகளுக்குப் பதில் சொன்னவர் பக்கத்தில் இருந்த அமித் ஷா. வானொலிப் பெட்டியோடு எதிர்க்கேள்வி கேட்க முடியுமா? முடிந்தால் எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

கைதட்டுகிறீர்கள். மோடியைச் சொன்னால் ஒரு பக்கம் தட்டுகிறது. கொஞ்சம் பொறுங்கள், மற்றப் பக்கத்துக்கும் வருகிறேன்.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை கொண்டுவந்தவர் இந்திரா காந்தி. பத்திரிகைக்குத் தணிக்கை, கேட்டவனுக்கு ஜெயில். 1976 ஜனவரி 31-இல் இங்கே தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள். சென்னை மத்தியச் சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு பிறகு இறந்தே போனார். 1977-இல் தேர்தல் வந்தபோது படிப்பறிவு குறைந்தது என்று நாம் ஏளனம் செய்கிற வடக்கு, இந்திராவை ரேபரேலியிலேயே தோற்கடித்தது. நாம் என்ன செய்தோம்? தமிழ்நாட்டின் 39 தொகுதியில் 34-ஐ அவர் இருந்த கூட்டணிக்குக் கொடுத்தோம். காரணம் ஆயிரம் சொல்லலாம். நான் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

அதற்கப்புறமும் என்ன வாழ்ந்தது? தலைவியின் ஹெலிகாப்டர் மேலே பறக்க, தரையில் குனிந்து கும்பிட்ட அமைச்சர்களை நாம் பார்க்கவில்லையா? அப்பா, பிள்ளை, பேரன் என்று போஸ்டரில் வரிசை பிடிப்பதைப் பார்க்கவில்லையா? இன்று இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு பிளக்ஸ். தலைவர் முகம் ஆள் உயரம். கீழே, பிளக்ஸுக்குப் பணம் கொடுத்த உள்ளூர்க்காரர்களின் முகங்கள் தபால்தலை அளவு. அதற்குப் பின்னால் இருந்த பேருந்து நேர அட்டவணையைக் காணவில்லை!

இந்தத் தலைவர் துதிக்கு நேர்மாறாக ஒன்று சொல்கிறேன். 1937 நவம்பரில் கல்கத்தாவின் மாடர்ன் ரிவ்யூ பத்திரிகையில் சாணக்கியன் என்ற பெயரில் ஒரு கட்டுரை வந்தது. ஜவஹர்லால் நேருவுக்கு வருகிற கூட்டத்தைப் பாருங்கள், இந்த ஆள் சர்வாதிகாரியாகக்கூடும், மறுபடியும் தலைவராக்காதீர்கள் என்று எச்சரித்த கட்டுரை. எழுதியவர் யார்? நேருவேதான். தன்னைப் பற்றியே அப்படிச் சந்தேகப்பட்டு எழுதியவர். பின்னாளில் அவர் செய்த தப்புகளும் உண்டு, 1959-இல் கேரள அரசைக் கலைத்ததை நான் மன்னிக்கத் தயாரில்லை. ஆனால் தன்னைத் தானே சந்தேகிக்கிற ஒரு தலைவரை இன்று எந்தக் கட்சியிலாவது காட்டுங்கள். தொண்டன் அந்தக் கட்டுரையை எழுதியிருந்தால் மறுநாள் கட்சியின் அடிப்படை உறுப்பினர் பதவியிலிருந்தே நீக்கம்.

நேரமாகிறது, அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அக்டோபர் 2 அன்று உங்கள் ஊரில் கிராம சபை கூடும். டெல்லிக்குப் போக டிக்கெட் வேண்டும், இதற்கு வேண்டாம். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்து, தீர்மானம் எழுதி, அதைப் படித்துக் காட்டிய பிறகு போடுங்கள். எவராவது வந்து "நீ எந்தக் கட்சி?" என்று கேட்டால், "அதை அப்புறம் சொல்றேன், முதல்ல கணக்கை வாசிங்க" என்று சொல்லுங்கள்.