கரண்ட் போன பிறகு



1993ஆம் ஆண்டு மார்ச் 31. விடிகாலை மூன்றரை மணி. உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் இருக்கிற நரோரா அணுமின் நிலையம். முதல் அலகில் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்த டர்பைனின் இரண்டு பிளேடுகள் முறிந்தன. ஜெனரேட்டரைக் குளிர்விக்க வைத்திருந்த ஹைட்ரஜன் கசிந்து பற்றிக்கொண்டது. தீ எண்ணெய்க்குத் தாவி, கேபிள்களைப் பிடித்துக்கொண்டு ஓடியது. சில நிமிடங்களில் நிலையத்தில் துளி மின்சாரம் கிடையாது.

டீசல் ஜெனரேட்டர் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, ஒன்றுக்கு மேலேயே இருந்தது. ஆனால் அதன் கரண்டைக் கொண்டுபோக வேண்டிய கேபிளும் மற்ற கேபிள்கள் போன பாதையிலேயே போயிருந்தது. எல்லாம் சேர்ந்து எரிந்தன. காகிதத்தில் ஒன்றுக்கு ஒன்று மாற்று. களத்தில் எல்லாம் ஒரே கூரையின் கீழ். இன்றைய பேச்சு முழுக்க இந்த ஒரு கேபிள் பாதையைச் சுற்றித்தான்.

உலையை ஊழியர்கள் உடனே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அணு உலை, அணைத்தால் அணைந்துவிடும் அடுப்பு இல்லை. பிளவு நின்றாலும், பிளந்து கிடக்கும் துணுக்குகள் கதிரியக்கத்தால் சூட்டை உமிழ்ந்துகொண்டே இருக்கும். கூடங்குளம் அளவு உலையில், நிறுத்திய கணத்தில் ஏறக்குறைய 200 மெகாவாட் வெப்பம் மிச்சமிருக்கும். மணிக்கு மணி குறையும். ஆனால் அதை யாராவது வெளியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எடுக்காவிட்டால் எரிபொருளே உருகும். 2011இல் ஃபுகுஷிமாவில் நடந்தது அதுதான்.

நரோராவில் கட்டுப்பாட்டு அறைக்குள் புகை நுழைந்து, எல்லோரும் வெளியேற வேண்டியதாயிற்று. கையில் டார்ச் லைட்டோடு ஊழியர்கள் மேலேறி வால்வைத் திறந்து போரான் கரைசலை உலைக்குள் இறக்கினார்கள், பிளவு மறுபடி தொடங்காமலிருக்க. தீயணைப்புக்கென்று வைத்திருந்த டீசல் பம்பின் தண்ணீரை நீராவிக் கொதிகலன்களுக்குத் திருப்பிவிட்டார்கள். சுமார் 17 மணி நேரம் இப்படியே ஓடியது. உலைக்குள்ளே பம்பு எதுவும் ஓடவில்லை. உலையைக் குளிர்விக்கிற கனநீர் சூடானதும் மேலே எழும்பியது, ஆறியது கீழே இறங்கியது, தானாகவே சுற்றி வந்தது. கதிரியக்கம் ஊருக்குள் பரவவில்லை.

நம் அழகர்கோவில்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அடிவாரத்தில் மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போட வேண்டும். கரண்ட் போனால் குழாயில் காற்றுதான் வரும். மலைமேல் ராக்காயி அம்மன் சன்னதியில் விழுகிற நூபுர கங்கைக்கு மோட்டாரும் இல்லை, மின்வாரியமும் இல்லை. தண்ணீருக்குக் கீழே இறங்கத் தெரியும், அவ்வளவுதான். அணு உலைப் பாதுகாப்பில் கடந்த முப்பது ஆண்டுகளில் வந்த நல்ல யோசனைகள் பலவும் இந்த வழியில்தான் போகின்றன: சூடானது மேலே போகட்டும், கனமானது கீழே விழட்டும், மனிதனும் மின்சாரமும் இல்லாமலே வேலை நடக்கட்டும்.

இதில் கல்பாக்கம் செய்திருக்கும் வேலை நம் மக்களுக்கு அதிகம் தெரியாது. 2004 டிசம்பர் 26, சுனாமி நாள். அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு பராமரிப்புக்காக நின்றிருந்தது, இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்பு அறைக்குள் தண்ணீர் ஏறியதும் பெரிய பம்புகள் நின்றன. உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். சில நாட்களில் மறுபடி ஓட்டவும் செய்தார்கள். பக்கத்தில் அதிவேக ஈனுலைக்குத் தோண்டி வைத்திருந்த அடித்தளப் பள்ளத்திலும் கடல் புகுந்தது. அடுத்த ஆண்டே, அணு உலைகளும் கடல் வெள்ளமும் என்ற பொருளில் சர்வதேச அணுசக்தி முகமையின் பயிலரங்கு கல்பாக்கத்தில் நடந்தது. ஃபுகுஷிமாவுக்கு ஏறக்குறைய ஆறு வருடங்களுக்கு முன்னால்! அங்கே பேசியதை ஜப்பானில் காதில் போட்டுக்கொண்டிருந்தால் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் எச்சரிக்கை கேட்டும் கேட்காமல் இருப்பது ஜப்பானியருக்கு மட்டும் உரிய குணமில்லை.

அந்த ஈனுலை, அதாவது எரித்துக்கொண்டே புது எரிபொருளையும் ஈனுகிற உலை, அதன் விஷயத்துக்கு வருகிறேன். 500 மெகாவாட். குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது, உருகிய சோடியம், ஏறக்குறைய 1,750 டன். சோடியத்தைப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்க்குள் போட்டு வைத்திருப்பார்கள், நினைவிருக்கிறதா? சூடாக இருக்கும்போது காற்று பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். பின்னே ஏன் அதைப் போய் எடுத்தார்கள்? அது கொதிக்க 880 டிகிரிக்கு மேல் வேண்டும். உலையில் அதன் சூடு 550 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதனால் பெரிய அழுத்தம் இல்லை. வெப்பத்தை வேகமாகக் கடத்தும், தானாகவே நன்றாகச் சுற்றும். கெட்ட பேர் வாங்கிய பிள்ளைக்கும் சில நல்ல குணங்கள் உண்டு.

கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், சோடியத்தை வேண்டுமென்றே எரிய விட்டுப் பார்ப்பதற்கென்றே கூடங்கள் கட்டியிருக்கிறார்கள். குழாயில் ஓட்டை விழுந்தால் எப்படிக் கொட்டும், எவ்வளவு நேரம் எரியும், பக்கத்துக் கேபிளை என்ன செய்யும் என்று எரித்தே கற்றுக்கொள்கிறார்கள். அதிலிருந்து வந்த ஒரு கருவி எனக்கு மிகவும் பிடிக்கும்: குழாய்க்குக் கீழே வைக்கும் ஒரு தட்டு. கொட்டுகிற சோடியம் சரிவில் ஓடி அடியிலுள்ள தொட்டிக்குள் போய்விடும்; அங்கே காற்றுப் போதாமல் தீ தானே அணைந்துவிடும். அதற்கு மின்சாரமும் சென்சாரும் வேண்டாம். ஒரு நல்ல பாத்திரக்கடைக்காரருக்கு உடனே புரியும்.

நீராவிக் கொதிகலனில் வேறு கதை. மெல்லிய குழாய்ச் சுவருக்கு ஒரு பக்கம் சோடியம், மறுபக்கம் தண்ணீர். ஊசி முனை அளவு ஓட்டை போதும், தண்ணீர் சோடியத்துக்குள் பீய்ச்சியடிக்கும். அப்போது முதலில் பிறப்பது ஹைட்ரஜன். அதை மிகச் சிறிய அளவிலேயே மோப்பம் பிடிக்க மெல்லிய நிக்கல் சவ்வு வைத்த கருவி ஒன்று, மின்வேதியியல் முறையில் இயங்கும் கருவி மற்றொன்று, இரண்டையும் கல்பாக்கத்திலேயே உருவாக்கினார்கள். ஒன்று ஏமாந்தால் மற்றது பிடிக்கும். இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால் ஒரே காரணத்தால் இரண்டும் கெட்டுப்போவது அரிது.

உலையை நிறுத்தவும் அப்படித்தான். ஒன்பது தண்டுகள் ஒரு வகை, மூன்று தண்டுகள் வேறு வகை. மின்காந்தம் பிடித்துக்கொண்டிருக்கிற தண்டு, கரண்ட் போன மறு கணம் தன் எடையாலேயே விழுந்துவிடும். அளவுக்கு மேல் சூடேறினால் காந்தமே பிடிப்பை விட்டுவிடும்படியான வகையை அடுத்த உலைகளுக்காக ஆராய்கிறார்கள். மிச்ச வெப்பத்தை எடுக்க நான்கு தனிச் சுற்றுகள். சோடியம் தானாக மேலேறி, உயரமான புகைபோக்கியின் அடியில் காற்றில் ஆறி, கீழே இறங்கும். அந்த நான்கிலும்கூட வெப்பப் பரிமாற்றிகளை ஒரே அச்சில் வார்க்கவில்லை, இரண்டு வடிவமைப்பு. நரோராவின் கேபிள் பாதை ஞாபகத்துக்கு வருகிறதல்லவா?

ஃபுகுஷிமாவும் இதற்குச் சாட்சி. அலை வந்து டீசல் ஜெனரேட்டர்கள் வரிசையாக நின்றன. ஆறாவது உலையைச் சேர்ந்த ஒன்று தண்ணீரால் குளிராமல் காற்றால் குளிர்வது, மேடான இடத்தில் இருந்தது. அது மட்டும் ஓடியது. ஐந்தாவது, ஆறாவது உலைகள் பிழைத்தன.

இயந்திரங்களுக்கு இவ்வளவு பார்க்கிறோம். பார்க்கிற மனிதர்களுக்கு? நிலையத்தை நடத்துபவர் ஒரு பாதுகாப்புக் கணக்கைக் கொடுத்தால், அதை வேறொருவர் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். வெளிநாடுகளில் இதற்கென்றே ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. இங்கே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல் வந்தது; அதற்கென்று ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1999இல் கல்பாக்கத்தில் வந்தது. திறமைக்குக் குறைவில்லை. ஆனால் வாரியம் பல ஆண்டுகளாகக் கணக்குச் சொல்லி வந்தது அணுசக்தி ஆணையத்துக்கு. ஆணையத்தின் தலைவர்தான் அணுசக்தித் துறையின் செயலர். உலைகளை நடத்தும் கழகமும் அந்தத் துறையின் கீழ்தான். மறுபடியும் ஒரே பாதையில் இரண்டு கேபிள்.

2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இதை வெளிப்படையாகவே எழுதினார். ஒழுங்குமுறை அமைப்புக்குத் தன்னாட்சி தருவதற்காக 2011இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி என்ற அணுசக்திச் சட்டம் வாரியத்துக்குச் சட்டத் தகுதி தந்திருக்கிறது. கூடவே தனியார் நிறுவனங்களுக்கும் கதவைத் திறந்திருக்கிறது. லாபக் கணக்குப் பார்க்கிறவர்கள் உள்ளே வரும்போது, கண்காணிப்பவரின் கேபிள் தனியாக ஓடுவது முன்னைவிட அவசியம் என்பது என் கருத்து. கூடங்குளம் உலைக்கு எதிராக இடிந்தகரையில் மீனவப் பெண்கள் பல மாதங்கள் பந்தலில் உட்கார்ந்து கேட்ட கேள்விகளில், உலையின் இரும்பைவிட இந்த நம்பிக்கையைப் பற்றியவை குறைவில்லை. அவர்களுக்குப் பொறியியல் வகுப்பு எடுத்தால் போதும் என்று நினைத்தவர்கள் பாதிக் கேள்வியைத்தான் காதில் வாங்கினார்கள்.

கூடங்குளம் எங்கோ தெற்கே, கல்பாக்கம் எங்கோ வடக்கே, நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். அந்த 2012 தணிக்கை அறிக்கையிலேயே இன்னொரு செய்தி இருந்தது. நாட்டில் 57,443 மருத்துவ எக்ஸ்-ரே நிலையங்கள். வாரியத்தில் பதிந்திருந்தவை 5,270. அதன் பிறகு இணையவழிப் பதிவு வந்து நிலைமை மாறியிருக்கிறது. ஆனாலும் மேலூரிலோ மதுரையிலோ எக்ஸ்-ரே எடுக்கப் போகும்போது, வாரியத்தின் பதிவுச் சான்று அங்கே இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இயக்குபவரின் சட்டையில் சின்ன பேட்ஜ் ஒன்று குத்தியிருக்கும். அவர் உடம்பு வாங்குகிற கதிர்வீச்சை அது குறித்துக்கொள்ளும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போய்வரும். அதை மேசை டிராயரில் போட்டுவிட்டு வேலை பார்க்கிறவர்களும் உண்டு. கர்ப்பிணிகள் தங்கள் நிலையைப் படம் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். துணைக்குப் போனவர்கள் கதவுக்கு வெளியே நில்லுங்கள்.