முடிவுள்ள உலகில் கேள்வியின் எல்லை

தரவுத்தளம் என்பது அட்டவணைகளின் தொகுப்பு. ஒவ்வோர் அட்டவணையும் பொருள்களுக்கு இடையே உள்ள ஓர் உறவைப் பதிவு செய்கிறது. மும்பை புறநகர் ரயிலுக்கு ‘அடுத்த நிலையம்’ என்ற ஓர் அட்டவணை போதும்: மாட்டுங்காவுக்கு அடுத்தது சயான், அதற்கடுத்து குர்லா, குர்லாவில் ஹார்பர் தடத்துக்கு மாறினால் திலக் நகர், பிறகு செம்பூர். நிலையங்களை எண்ணி முடித்துவிடலாம். அட்டவணையின் வரிகளும் அப்படியே. இத்தகைய முடிவுள்ள அமைப்புகளைப் பற்றித் தர்க்க மொழியில் எதைக் கேட்க இயலும், எதைக் கேட்க இயலாது, விடை காண எவ்வளவு கணிப்பு வேண்டும் என்று ஆராய்வதே முடிவுறு மாதிரியியல். இன்று பட்டம் பெறும் கணினியியல் மாணவர்கள் நாளை எழுதப்போகும் வினவல்கள், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகள், யாவும் இந்த அடித்தளத்தின் மேல் நிற்பவை.

1970-இல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட், தரவு அட்டவணைகளைக் கணித உறவுகளாகவே கருதலாம் என்று காட்டினார். அதுவரை நிரலர்கள் ஒரு பதிவிலிருந்து இன்னொரு பதிவுக்குச் செல்லும் வழியையும் தாமே எழுத வேண்டியிருந்தது. காட் வகுத்த முறையில் என்ன வேண்டும் என்று சொன்னால் போதும். வழியை இயந்திரம் தேடிக்கொள்ளும். 1972-இல் அவர் இன்னொன்றையும் நிறுவினார். அட்டவணைகளைத் தேர்ந்து, இணைத்து, கழிக்கும் இயற்கணிதமும், ‘ஒவ்வொரு’, ‘ஏதேனும் ஒரு’ என்று பேசும் முதல்நிலைத் தர்க்கமும் ஒரே ஆற்றல் உடையவை. தரவுத்தளங்களை வினவப் பயன்படும் எஸ்கியூஎல் மொழியின் மையப் பகுதி இந்தத் தர்க்கமே.

அந்த ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. மாட்டுங்காவிலிருந்து நான்கு கட்டங்களில் செம்பூரை அடையலாமா என்பதை முதல்நிலைத் தர்க்கத்தில் எழுதலாம். இடையில் மூன்று நிலையங்கள் இருக்கின்றன என்று சொன்னால் போதும். எத்தனை கட்டங்கள் ஆனாலும் சரி, அடைய முடியுமா என்ற பொதுக் கேள்வியை அதில் எழுத இயலாது. ஆல்ஃபிரட் ஏஹோவும் ஜெஃப்ரி உல்மனும் 1979-இல் இதை நிறுவினார்கள். ஒரு வாய்பாட்டில் உள்ள ‘ஒவ்வொரு’, ‘ஏதேனும் ஒரு’ போன்ற அளவைச் சொற்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் இருக்கும். ஆகவே அதன் பார்வை ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக் குறிப்பிட்ட தூரம் வரைதான் செல்லும். மிகப் பெரிய ஒற்றை வளையத்தடம் ஒன்றையும், தனித்தனியான இரண்டு பெரிய வளையத்தடங்களையும் அது வேறுபடுத்திக் காணாது. எந்த நிலையத்தில் நின்று பார்த்தாலும் அக்கம்பக்கம் ஒன்றுபோலவே இருக்கும்.

இதற்குத் தீர்வு, தன்னையே மீண்டும் பயன்படுத்தும் தற்சுழல் விதி. அடுத்த நிலையத்தை அடையலாம். அடையக்கூடிய நிலையத்துக்கு அடுத்ததையும் அடையலாம். டேட்டாலாக் மொழியில் இந்த இரண்டு விதிகளே முழு விடையைத் தருகின்றன. புது நிலையம் எதுவும் சேராத கட்டம் ஒன்று வந்தே தீரும். அமைப்பு முடிவுள்ளதாக இருப்பதே அதற்குக் காரணம். இத்தகைய விதிகளை விரைவாகக் கணிக்க விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவான கோரல் அமைப்பில் பங்காற்றியவர்களுள் ராகு ராமகிருஷ்ணனும் எஸ். சுதர்சனும் அடங்குவர். சுதர்சன் பின்னர் மும்பை ஐஐடியின் பேராசிரியரானார். 1999-ஆம் ஆண்டின் எஸ்கியூஎல் தரநிலை தற்சுழல் வினவலை ஏற்றுக்கொண்டது.

தர்க்கத்தின் ஆற்றலும் கணிப்பின் கடினமும் ஒன்றோடொன்று பின்னியவை. 1974-இல் ரொனால்ட் ஃபேகின், என்பி வகுப்பு, அதாவது தந்த விடையை விரைவாகச் சரிபார்க்கக்கூடிய கேள்விகளின் தொகுப்பு, ‘ஏதேனும் ஓர் உறவு’ என்றும் பேசும் இரண்டாம்நிலைத் தர்க்கத்தின் ஒரு பகுதியே என்று காட்டினார். பொருள்கள் வரிசைப்படுத்தப்பட்டிருந்தால், தற்சுழல் சேர்ந்த முதல்நிலைத் தர்க்கம் பல்லுறுப்பு நேரத்தில், அதாவது ஏற்கத்தக்க வேகத்தில், விடை காணக்கூடிய எல்லாக் கேள்விகளையும் சொல்லிவிடும் என்பது நீல் இம்மர்மனும் மோஷே வார்டியும் 1982-இல் கண்ட முடிவு. வரிசை இல்லையென்றால், பொருள்களின் எண்ணிக்கை இரட்டைப்படையா என்பதைக்கூட அதே தர்க்கத்தால் கேட்க முடியாது. வரிசையின் துணையின்றி, பல்லுறுப்பு நேரத்தில் விடை காணக்கூடிய கேள்விகள் அனைத்தையும் அடக்கும் தர்க்கம் உண்டா? டேவிட் ஹாரலும், கான்பூர் ஐஐடியில் பயின்ற அசோக் சந்திராவும் எழுப்பிய இந்தக் கேள்விக்கு இன்றும் விடை இல்லை. அது அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கும் பணி.

முடிவுள்ள உலகம் எளிய உலகம் அல்ல. ஒரு முதல்நிலை வாக்கியம் ஏதேனும் ஒரு முடிவுள்ள அமைப்பிலாவது உண்மையாகுமா என்பதைத் தீர்மானிக்கும் பொதுச் செய்முறை இல்லை என்று போரிஸ் திராக்டன்பிராட் 1950-இல் நிறுவினார். ஆகவே இரண்டு வினவல்கள் எப்போதும் ஒரே விடையைத் தருமா என்பதையும் பொதுவாகத் தீர்மானிக்க இயலாது. மறுப்பும் ‘ஒவ்வொரு’ என்பதும் இல்லாத இணைப்பு வினவல்களுக்கு அது இயலும் என்று சந்திராவும் பிலிப் மெர்லினும் 1977-இல் காட்டினார்கள்.

இந்தக் கோட்பாடு மனிதர்களைத் தொடும் இடம், விடுபட்ட தரவு. மகாராஷ்டிரக் குடிசைப்பகுதி மறுவாழ்வு விதிகளில் 2000 ஜனவரி 1 முக்கியமான தகுதித் தேதி. தாராவி போன்ற ஒரு பகுதியின் குடும்பங்களை அட்டவணையிட்டு, அந்தத் தேதிக்கு முன் குடியேறியோர் யார் என்று ஒரு வினவலும், அப்படிக் குடியேறாதோர் யார் என்று மற்றொரு வினவலும் எழுதினால், எல்லாரும் ஏதோ ஒரு பட்டியலில் வருவார்கள் என்று தோன்றும். அப்படி வருவதில்லை. குடியேறிய தேதி பதிவாகாத குடும்பம் இரண்டிலும் இராது. எஸ்கியூஎல் தர்க்கத்தில் உண்மை, பொய், தெரியாது என்று மூன்று மதிப்புகள் உண்டு. விடுபட்ட தேதியை ஒப்பிட்டால் கிடைப்பது ‘தெரியாது’. ‘தெரியாது’ என்பதன் மறுப்பும் ‘தெரியாது’ என்பதே. வினவலோ உண்மையான வரிகளை மட்டுமே எடுத்துத் தருகிறது. பதிவில் இல்லாததெல்லாம் பொய் என்று கொள்ளும் மூடிய உலகக் கோட்பாட்டை ரேமண்ட் ரைட்டர் 1978-இல் வரையறுத்தார். ரயில் அட்டவணைக்கு அது பொருந்தும். குடும்பங்களின் வாழ்வுக்குப் பொருந்தாது.

ஆகவே தரவுத்தளத்தைக் கையாளும் பட்டதாரியின் கடமை மூன்று: கேள்வி எந்தத் தர்க்கத்துக்குள் அடங்கும் என்று அறிவது, அதன் விடைக்கு ஆகும் கணிப்பை மதிப்பிடுவது, தெரியாதவற்றுக்குத் தனியே ஒரு மூன்றாம் பட்டியல் எடுத்து அவற்றை விசாரிப்பது. முதல் இரண்டும் திறமை சார்ந்தவை. மூன்றாவது நீதி சார்ந்தது. அதைச் செய்யாத வினவல் பிழையின்றி ஓடினாலும் தவறான தீர்ப்பையே தரும்.