பழுப்பாகும் டம்ளர்

தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி விற்க வருபவர் சிலர் ஒரு வித்தை காட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். மேசையில் இரண்டு டம்ளர். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றதில் ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் மின்கம்பிகளை விட்டு சுவிட்சைப் போடுவார். சற்று நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, கூழ்கூழாக அழுக்கு மிதக்கும். மற்றது பளிங்காக நிற்கும். “இதைத்தானே குழந்தைக்குக் கொடுக்கறீங்க?” என்பார். அப்புறமென்ன, அட்வான்ஸ் கைமாறிவிடும்.

அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியில் இருந்தது! நீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும். கம்பியின் இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். ஆர்.ஓ. நீரில் உப்பு சொற்பம். மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, கம்பியும் அவ்வளவாகக் கரையாது. நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். அடுக்குமாடிச் சங்கத்தார் பேசக் கூப்பிட்டால், அந்தப் பளிங்குத் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கம்பியை விட்டுக் காட்டாமல் திரும்பமாட்டேன். அதுவும் பழுப்பாகிவிடும்! “ரசத்துல விட்டா என்னப்பா ஆகும்?” என்று ஒரு பாட்டி கேட்டார். சபை சிரித்தது. விஷயத்தைப் பிடித்தவர் அவர்தான்; ரசத்திலும் உப்பு உண்டே. நீங்கள் வீட்டில் செய்து பார்க்காதீர்கள், ஷாக் அடிக்கும்.

சரி, குழாய்த் தண்ணீரின் உப்பை நீக்க என்ன செலவாகிறது? பல வீட்டுக் கருவிகளில் ஒரு லிட்டர் நல்ல நீருக்குச் சுமார் மூன்று லிட்டர் வெளியே போகிறது. பத்து லிட்டர் பிடித்தால் முப்பது லிட்டர் சாக்கடைக்கு. 2019 கோடையில் சென்னையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோமே, அப்போதும் சிங்க்கில் ஆர்.ஓ. கழிவு நீரை விடும் சிறு குழாய் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. அந்த மே மாதம்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவான நீருக்கு ஆர்.ஓ. பயன்படுத்துவதைத் தடை செய்யும்படி சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது.

உடம்புக்கு? உப்போடு கால்சியமும் மெக்னீசியமும் போய்விடுகின்றன. செக், ஸ்லோவாக்கியா நாடுகளில் 2000 வாக்கில் வீட்டு ஆர்.ஓ. பரவியபோது சோர்வு, தசைப்பிடிப்பு என்று புகார்கள் வந்ததை உலக சுகாதார நிறுவன வெளியீடு பதிவு செய்திருக்கிறது. குளோரினும் போய்விடுவதால், கழுவாத தொட்டியில் கிருமி வளர்ந்தால் தடுக்க ஆளில்லை.

ஃப்ளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிக் கிணற்று நீருக்கும், உப்புக் கரிக்கும் போர் தண்ணீருக்கும் ஆர்.ஓ. தேவைதான்; அங்கே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மற்றவர்கள் கருவிக்குப் பணம் கட்டும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வுக்கூடங்கள் உண்டு. அறிக்கையைக் கையில் வாங்கிய பிறகு, விற்பனையாளரை வரச்சொல்லுங்கள்.